எமின் வந்து நின்றபோது

தொண்ணூறுகளில் வால்தம்ஸ்டோவில் ஒரு பேக்கரியில் என்னோடு வேலை செய்த பொஸ்னியக்காரனின் பெயர் எமின். அரபியில் அமீன், அவர்கள் ஊர் வாயில் எமின் ஆகிவிட்டதாம். நம்பிக்கைக்குரியவன் என்று பொருள் சொன்னான். என் வாயில் அது எமன் ஆனது. "எமனோடையே ஷிப்ட் செய்யிறன், எனக்கென்ன பயம்?" என்று வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் கடும் காய்ச்சலில் அரைமயக்கமாகக் கிடந்தேன். கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள்: "இஞ்சேருங்கோ, எமன் வந்து நிக்கிறார்!"

"நான் இல்லையெண்டு சொல்லும்!" என்று அலறிப் போர்வைக்குள் புகுந்தேன்.

அவள் அப்படியே சொல்லியிருக்கிறாள். எமினும் நம்பி, எனக்கென்று கொண்டுவந்த கோழி சூப்போடு திரும்பிவிட்டான். உயிர் தப்பியது, சூப்தான் போய்விட்டது.