வாய்தா என்று எழுதிய கார்டு

இருபத்தாறு வயதில் ஒரு சொல்லைத் தவறாக எழுதினேன். எழுத்துப்பிழை இல்லை. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது தூத்துக்குடியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஆழ்வார்திருநகரியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். சட்டையில் ஊர்த் திருநீற்றுப் பச்சிலை மணமும் துறைமுகத்து உப்புக்காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அச்சடித்த மாதிரி கையெழுத்து என்பதால் கட்சிக்காரர்களுக்குக் கார்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. வழக்கு நாளுக்கு ஒரு வாரம் முன்னால், மறந்துவிடக் கூடாதே என்று ஒரு தபால் கார்டு. மறந்தால் பிடிவாரண்ட், அப்புறம் சப்-ஜெயில். அடித்ததற்காக உள்ளே போனவர்களைவிட, நாள் மறந்து உள்ளே போனவர்களே என் கண்ணில் அதிகம் பட்டார்கள்.

அப்படி நான் கார்டு எழுதிய கட்சிக்காரர் ஒருவர் தருவைகுளத்துக்காரர். வள்ளத்தில் தங்கல் போகிறவர், கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தொழில். திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமைதான் கரை. வலையை அறுத்த தகராறில் விசைப்படகுக்காரர்களோடு கைகலப்பு. சின்ன வழக்குதான். ஆனால் கடலில் இருந்ததால் இரண்டு முறை ஆள் வரவில்லை. இரண்டு முறையும் வக்கீல் மனுப் போட்டுச் சமாளித்தார். மூன்றாவது முறை மாஜிஸ்திரேட் விட மாட்டார் என்று தெரிந்தது.

“மீனுக்கு சம்மன் அனுப்பும்வே, அது வந்துரும். தருவைகுளத்து ஆள் வரமாட்டான்” என்றார் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி என்னிடம்.

தருவைகுளத்துக்காரர் ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

“ஐயா, உள்ள மட்டும் போட்டுரப்படாது. வீட்டுக்காரிக்கு இது ஒம்பதாம் மாசம். முன்னாடி ரெண்டு பிள்ள தங்கல. இதுக்கு நான் பக்கத்துல நிக்கணும்.”

“கோர்ட்டுக்கு வந்து நின்னா ஒம்ம யாருவே பிடிக்கப் போறா?” என்றார் வக்கீல்.

“தேதி எனக்கு நிக்காதுய்யா. காத்து சொல்லுங்க, நீரோட்டம் சொல்லுங்க, சொல்லுதேன். தேதிக்குக் கார்டு போடச் சொல்லுங்க.”

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

போட்டேன். ‘பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வாய்தா.’ கீழே வக்கீலின் முத்திரை. கார்டில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. இன்னும் நாலு வரி எழுத இடம் இருந்தது. உப்பளத்து ஓரமாகச் சைக்கிளை மிதித்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நேரில் சொல்லியிருக்கலாம். வெயில். கார்டு போதும் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டவாலி அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் வராந்தாத் தூண்கள்கூடக் காதைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. பிடிவாரண்ட் ஆனது. சனிக்கிழமை வள்ளம் கரையில் முட்டியதும், மீனை இறக்கும் முன்னால் அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை அவர் மனைவி வந்தாள். நிறைவயிறு. பஸ்ஸில் வந்த களைப்பில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் கார்டை நீட்டினாள்.

“வாய்தான்னு நீங்கதானே எழுதியிருக்கிய?”

“ஆமா. செவ்வாய்க்கிழமை வாய்தா. அன்னைக்கு வரணும்லா?”

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

“வாய்தான்னா வீட்டுக்குப் போவச் சொல்லுததுல்லா. ஒவ்வொரு தடவையும் அவியள நிக்க வச்சிட்டு, மத்தியானம் நீங்கதானே வெளிய வந்து சொல்லுவிய, வாய்தா போட்டாச்சு, போங்கன்னு. தபால்காரர் வாசிச்சதும், இந்தத் தடவ முன்கூட்டியே சொல்லிட்டாவளேன்னு அவிய சந்தோசமாத்தான் கடலுக்குப் போனாவ.”

ஆபீசுக்குள் வாய்தா என்றால் வரவேண்டிய நாள். கோர்ட்டு வாசலில் வாய்தா என்றால் போகலாம். இரண்டையும் இதே வாயால் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பேறுக்குள்ள விட்டுருவாவளாய்யா?” என்று கேட்டாள்.

“விட்டுருவாங்க” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வாரண்டை ரத்துசெய்ய மனுப் போட்டோம். பழைய ஜாமீன்தாரர் ஒதுங்கிவிட்டார்; புது ஆள் கிடைத்து அவர் வெளியே வரப் பதினேழு நாள் ஆனது. அதற்குள் பெண் குழந்தை பிறந்து, நாலு நாள் இருந்து, போய்விட்டது. வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்து மற்றவர்கள் புதைத்தார்கள். அவர் பிள்ளையின் முகம் பார்க்கவில்லை.

அதன்பின் எந்தக் கார்டிலும் நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. ‘கோர்ட்டுக்கு நீங்கள் நேரில் வரவேண்டும். அன்று கடலுக்குப் போகவேண்டாம்’ என்று ஓரம்வரை நிறைத்து எழுதினேன். தருவைகுளத்துக்குச் சைக்கிளிலும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நாளும் தவறவில்லை. கோர்ட்டு திறக்குமுன் வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். “வந்துட்டேன்யா” என்று மட்டும் சொல்வார்.

சமரசத்தில் வழக்கு முடிந்த அன்று ஆபீசுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து எழுதாத கார்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதுல ஒண்ணு எழுதித் தாங்க. பிள்ள பொறந்த தேதி, போன தேதி. அவ சொல்லுதா, எனக்கு நிக்க மாட்டேங்கு. வருசா வருசம் கோயில்ல பூச வைக்கணும்.”

அவர் மனைவி சொல்லி அனுப்பிய அடையாளங்களைக் கேட்டேன். ஒரு ஞாயிறு, ஒரு வியாழன். காலண்டரைத் திருப்பித் தேதி பார்த்தேன். இரண்டு தேதியிலும் அவர் சப்-ஜெயிலில் இருந்தார். அச்சடித்த மாதிரி எழுதினேன். மை காயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார்டைக் கையில் எடுத்தவர், தலைகீழாகப் பிடித்திருந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

“இதுல வாய்தான்னு போடலயே?” என்றார்.

“போடல” என்றேன்.