அண்ணனின் மஜ்ஜை

பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். பாவாடை நாடா இறுக்கிய இடமெல்லாம் ஊதாப் புள்ளிகள். முப்பத்தெட்டு வயதில், அக்ரஹாரத்து எங்கள் வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். ரத்தசோகை என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

"சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணும் மஜ்ஜையில இருக்கிற தாய்செல்லுல இருந்துதான் வளர்ந்து வரணும்மா. உங்களுக்கு அந்தத் தாய்செல்லே அழிஞ்சுபோச்சு. அந்த இடத்துல வெறும் கொழுப்புதான் இருக்கு" என்றார் டாக்டர். "மஜ்ஜை கொடுக்கக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

ஒரே அண்ணன் இருந்தான். பரிசோதனையில் அவன் மஜ்ஜை எனக்கு முழுக்கப் பொருந்தியது. சந்தோஷத்தில் டாக்டரே சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் அவன் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் வந்தான்.

"உங்க அண்ணி பயப்படறா. முதுகு போயிடும்னு சொல்றாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு, இல்லையா?"

"கொடுக்கிறவங்களுக்குக் கொஞ்ச நாள்ல திரும்ப ஊறிடும்னு டாக்டர் உன்கிட்டயே சொன்னாங்களே அண்ணா."

"நெட்ல வேற மாதிரி போட்டிருக்கு" என்று எழுந்து போய்விட்டான்.

எனக்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஏற்றினார்கள். அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை. ஈறு வீங்கியது, கன்னத்தில் முடி முளைத்தது. முன்பின் தெரியாதவர்களின் ரத்தம் என் கைவழியே ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை பார்க்க வந்த சித்தி, "பாவம் உங்க அண்ணன், மேட்ச் ஆகலையேன்னு எப்படி அழுதான் தெரியுமா?" என்றாள். காய்ச்சலிலும் அந்தப் பொய்யையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிழைக்க வேண்டும் என்று அன்றுதான் வெறி வந்தது.

பிழைத்தேன். மறு வருடம் விஜயநகரில் அவன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். போனேன். பந்தியில் அண்ணியின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் கொடுக்க ரெடியாத்தான் இருந்தாரு. பொருந்தலையே, என்ன பண்றது?"

"பொருந்துச்சு" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "பத்துக்குப் பத்து பொருந்துச்சு. அண்ணன்தான் தரமாட்டேன்னுட்டான்."

சிரோட்டி இனிப்பைப் பரிமாறிக்கொண்டிருந்த அவன் மூத்த மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நிஜமா?"

அவன் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். நான் இன்னொரு சிரோட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் போன் செய்தான். "எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிட்ட. இப்ப திருப்தியா?"

"ரொம்ப" என்றேன்.

அவன் மகள் ஆறு மாதம் அவனிடம் பேசவில்லையாம். வருத்தப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. போதும், மன்னித்துவிடு என்று சொல்லச் சித்தி வந்தாள். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.