பூஜ்யம் என்று சொன்னவர்கள்

வுப்பினாவிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதை அவளுடைய குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. க்ரோனிங்கன் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், களிமண் நிலமும் காற்றும் தவிர வேறொன்றும் அதிகமாக இல்லாத அந்தப் பக்கத்தில், எல்லோருமே அப்படித்தான். இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு வந்தவனும் பரவாயில்லை என்பான். கல்யாணச் சாப்பாடு பிரமாதமாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் அலட்டிக்கொள்கிறான் என்று பேர் வந்துவிடும்.

அவளுடைய அப்பா வைக்கோலில் அட்டை செய்யும் ஆலையில் கூலி. பதினேழு வயதில் அவள் மனநோய் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இறந்தவர்களைக் கழுவி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். முப்பத்தொன்பது வருடம் அந்த வேலைதான். கணவன் யான்னஸ் இதயம் நின்று போனபோது அவனையும் அவளேதான் கழுவினாள். முகம் மழித்து, சாம்பல் நிறக் காலுறைகளை மாட்டிவிட்டு, அடக்கம் செய்பவர்களுக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

அழுகை வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தாள். வரவில்லை. சாப்பாட்டில் ருசி போயிற்று. உப்பைப் பழக்கத்தில் அளந்து போட்டாள். யாராவது வேடிக்கையாகப் பேசினால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அந்த இடத்தில் சிரித்தாள். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அவள் வேலை செய்த புறநோயாளி நிலையத்தில் புது விதி வந்தது. அதிர்ச்சியில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கண்ணசைவுச் சிகிச்சை தரவேண்டுமானால் முறையாகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஜூன் மாதத்துக்குள் முடிக்காதவர்கள் ஊசி போடும் பிரிவுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வரிசையாக வருகிறவர்களுக்கு ஊசி போட்டு அனுப்புவதை வுப்பினா பதினைந்து வருடம் செய்திருந்தாள். ஒரு மனிதரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் வேலை ஒன்றுதான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கைவிட அவளுக்கு மனமில்லை.

செப்டம்பரில் ஸ்வோலே நகரில் நான்கு நாள் வகுப்பு. இருபத்திரண்டு பேர். பாதிக்கு மேல் அவளுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுள்ள மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். பாடம் எடுத்த ஒடீலியா ஹார்லெமிலிருந்து வந்தவள். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவாள். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் சிகிச்சை தர, ஒருவர் பெற, ஒருவர் கவனிக்கச் சொன்னாள். வலி தரும் நினைவை மனதில் ஒரு படமாக நிறுத்தி, எதிரே அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வேதனை எவ்வளவு என்று அவ்வப்போது கேட்பார்கள். பூஜ்யம் வந்தால் அந்தப் படம் முடிந்தது என்று கணக்கு.

"பெரிய துக்கம் எதையும் இங்க எடுக்காதீங்க," என்றாள் ஒடீலியா. "அஞ்சு, ஆறுக்குள்ள சின்னதா ஒண்ணு போதும்."

வுப்பினாவுக்கு வாய்த்தவன் ஷூர்ட். ஃப்ரீஸ்லாந்துக்காரன், முப்பது வயது உளவியலாளன். மதியம் வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன் தின்றுவிட்டு வந்து நாற்காலியை நெருக்கிப் போட்டான்.

"என்ன எடுத்துக்கலாம்?"

"ஸ்டேஷன்ல சைக்கிள் திருட்டுப் போச்சு."

"எவ்வளவு வேதனை?"

"மூணு."

"மூணா? ஐயோ, அஞ்சாவது சொல்லுங்க. இல்லேன்னா எனக்குப் பயிற்சியே கிடைக்காதே."

"சரி, அஞ்சு. ஆனா உன் விரலை விட உன் மீன் வாசனைதான் முன்னாடி வருது."

"அதுவும் சிகிச்சைல சேர்த்திதான்," என்று விரலை ஆட்டத் தொடங்கினான்.

சைக்கிள் நிறுத்துமிடம் தெரிந்தது. காலியான கம்பி தெரிந்தது. பிறகு, அவள் கேட்காமலே, சாம்பல் நிறக் காலுறை. வலது காலுறையின் குதிகால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அன்று அவள் அதைச் சரி செய்யவில்லை.

"என்ன வருது?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி விரல். மறுபடி காலுறை. "ஒண்ணுமில்ல." நெஞ்சில் எதுவும் அசையவில்லை, அதனால் அது பொய் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது எவ்வளவு என்று கேட்டான். பூஜ்யம் என்றாள்.

"பதினோரு நிமிஷம்!" ஷூர்ட் கையை உயர்த்தினான். "உங்கள மாதிரி நாலு பேர் வந்தா போதும், காத்திருப்புப் பட்டியலே காலி!"

கவனித்துக்கொண்டிருந்த பெண் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

வகுப்புக்குப் பிறகு ஆறு மாதம், ஊருக்குத் திரும்பி, சொந்த நோயாளிகளிடம் அதைச் செய்து பழக வேண்டும். ஒரு முழு அமர்வை நோயாளியின் சம்மதத்தோடு படம்பிடித்துக் கொண்டுவந்து குழுவில் காட்ட வேண்டும். அது தேறினால்தான் சான்றிதழ். வுப்பினா லாமகீனைத் தேர்ந்தெடுத்தாள்.

லாமகீன் பால் பண்ணைக்காரி, வயது அறுபத்தொன்று. முந்தின வருஷம் ஆகஸ்டில், நடு மத்தியானம், வைக்கோல் சூடேறி மாட்டுக் கொட்டகை பற்றிக்கொண்டது. அறுபத்திரண்டு பசுக்கள் உள்ளே. அவள் வெளியே நின்று அவை கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது புதுக் கொட்டகை கட்டியாயிற்று, புது மாடுகளும் வந்தாயிற்று. ஆனால் அவள் கொட்டகைக்குள் காலடி வைப்பதில்லை. கணவர் பேரண்ட் ஒற்றை ஆளாகக் கறக்கிறார்; அவருடைய தோள்பட்டை போய்க்கொண்டிருக்கிறது. இப்படியே போனால் பண்ணையை விற்க வேண்டியதுதான். அவள் சிகிச்சைக்கு வந்ததே திரும்பக் கொட்டகைக்குள் போவதற்காகத்தான்.

இரண்டு முறை பேசிப் பழகி, மூன்றாம் முறை விரலசைவு. லாமகீன் ஐந்து என்று தொடங்கினாள். பிறகு இரண்டு. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பூஜ்யம். வுப்பினா கையேட்டில் உள்ளபடியே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, ஃபைலை மூடினாள். லாமகீன் கைகுலுக்கிவிட்டுப் போனாள்.

மார்ச்சில் ஸ்வோலேயில் குழு கூடியது. ஆறு பேர், ஒரு பெரிய திரை. வுப்பினாவின் படம் ஓடி முடிந்ததும் ஒடீலியா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்ல ஒண்ணுமே இல்ல. அடுத்த வருஷ வகுப்புல இதைக் காட்டலாம் போல இருக்கு. அந்தம்மா ஒத்துக்கிட்டா."

ஷூர்ட் மேசையைத் தட்டினான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? க்ரோனிங்கன்காரங்க அசகாய சூரங்க!"

வுப்பினா திரையைப் பார்த்தபடி இருந்தாள். "கடைசி மூணு நிமிஷத்தை இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

போட்டார்கள். விரல் நின்றது. இப்போது எவ்வளவு என்று திரையில் அவள் கேட்க வாயெடுத்தாள். கேள்வி முடிவதற்குள் லாமகீன் பூஜ்யம் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். காப்பிக் கோப்பையை எங்கே கழுவி வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

வுப்பினாவுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வரவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் தர்மாமீட்டரை அரை நிமிடத்தில் உருவிவிட்டு ஜுரம் இல்லை என்று எழுதி வைத்த சின்ன நர்ஸைப் பார்த்தால் அளவு தப்பு என்று எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

"இது பூஜ்யம் இல்ல," என்றாள்.

ஒடீலியா சிரித்தாள். "எண்ணு அவங்களோடது, வுப்பினா. அதுல நாம கை வைக்கக் கூடாது. முதல் நாளே சொல்லியிருக்கேன்."

"நீங்க ஹார்லெம்ல கேட்டா அது சரி. எங்க ஊர்ல ஒரு ஆளோட காலை வெட்டி எடுத்துட்டு எப்படி இருக்குன்னு கேளுங்க. பரவாயில்லைம்பான். அறுபத்திரண்டு மாடு வெந்து போச்சு, இவ அஞ்சுன்னு ஆரம்பிக்கிறா. அஞ்சு! அப்பவே நான் நிறுத்தியிருக்கணும். எனக்கும் அது நியாயமான எண்ணாத்தான் பட்டுது."

"அதை எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"ஏன்னா நானும் அப்படித்தான் சொன்னேன். செப்டம்பர்ல, இவன்கிட்ட."

ஷூர்ட்டின் முகம் மாறியது. "சைக்கிளா?"

"சைக்கிள் போயிடுச்சு. எம் புருஷனோட காலுறை வந்துச்சு. அவர் செத்தப்ப நான் மாட்டிவிட்டது. நீ என்ன வருதுன்னு கேட்ட, ஒண்ணுமில்லன்னேன். எதுவும் வலிக்கலை, அதனால பூஜ்யம்னேன். மரத்துப் போன கையில ஊசி குத்தினா வலிக்காது. அதுக்காகக் கை குணமாயிடுச்சுன்னு அர்த்தமா?"

அவள் குரல் மாறவே இல்லை. நோயாளியின் குறிப்பை அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கிற குரல்.

"உங்க படத்தைத் திரும்ப வாங்கிக்கிறீங்களா?" ஒடீலியா மெதுவாகக் கேட்டாள். "ஜூனுக்குள்ள புதுசா ஒண்ணு முடிக்கிறது கஷ்டம். அடுத்த சுற்று நவம்பர்லதான்."

"தெரியும். வாங்கிக்கிறேன்."

வெளியே வரும்போது ஷூர்ட் கூடவே நடந்தான். "நான் பதினோரு நிமிஷம்னு குதிச்சேன்," என்றான்.

"குதிச்ச. அடுத்த தடவை ஒண்ணுமில்லன்னு ஒருத்தி சொன்னா, எந்த மாதிரி ஒண்ணுமில்லன்னு கேளு."

மறுநாள் காலை அவள் பண்ணைக்குப் போனாள். லாமகீன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்? நாமதான் முடிச்சாச்சே."

"நீங்க முடிச்சிட்டீங்க. நான் தப்பா முடிச்சேன். கொட்டகைக்குள்ள போனீங்களா?"

"அவரு கறக்குறாரு."

"அது தெரியும். நீங்க போனீங்களா?"

லாமகீன் கத்தியைத் துடைத்தாள். "அதான் பூஜ்யம்னு சொன்னேனே, சிஸ்டர். நீங்க வேற அவ்வளவு நேரம் கையை ஆட்டிக்கிட்டு... வலிச்சிருக்கும். எவ்வளவு நேரம்தான் உங்கள உக்கார வைக்கிறது?"

வுப்பினா கதவைத் திறந்து பிடித்தாள். "எண்ணெல்லாம் வேண்டாம். வாங்க, நடக்கலாம். எது வரைக்கும் முடியுதோ அது வரைக்கும்."

மரச் செருப்பை மாட்டிக்கொண்டு லாமகீன் வந்தாள். முற்றத்தின் குறுக்கே சாதாரணமாகத்தான் நடந்தாள். வானிலையைப் பற்றி, பக்கத்துப் பண்ணைக்காரர் தண்ணீரைத் திருப்பிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே. பால் தொட்டி அறையின் மூலையில் பேச்சு நின்றது. காலும் நின்றது. உள்ளே ஒரு மாடு கத்தியது. அவள் கை ஏப்ரனைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

"இங்கயா?"

"இங்கதான். தினமும் இங்கதான்."

கொட்டகைக் கதவு இன்னும் பதினெட்டு அடி. வுப்பினா எண்ணிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிவந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, அந்த மூலையிலேயே நெருக்கிப் போட்டாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பேரண்ட், "என்ன, இங்க காப்பிக் கடை போடறீங்களா?" என்றார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஊசிப் பிரிவுக்கு என்னைய மாத்தப் போறாங்க," என்றாள் வுப்பினா. "ஜூன் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. அதுக்கப்புறம் வர்றவர்கிட்ட நீங்க இந்த மூலையைப் பத்திச் சொல்லணும். இப்ப உள்ள கேக்குதுல்ல, அந்த மாடு. எவ்வளவு?"

"மூணு."

"லாமகீன்."

உள்ளே கறவை இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது," என்றாள் லாமகீன், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. "ஒன்பதுன்னா அலட்டுற மாதிரி இருக்காதா, சிஸ்டர்?"

"இருக்கட்டும்," என்று சொல்லி வுப்பினா அவள் கண்ணுக்கு எதிரே இரண்டு விரலை உயர்த்தினாள்.