டாலா சூளையில் கிடைத்த பொற்காசு

1926, மாசி மாதம். காலை ஆறரை மணிக்கு ரங்கூன் லத்தாத் துறையில் சம்பான் படகில் ஏறினேன். எதிர்க்கரை டாலாவுக்குத் தலைக்கு இரண்டணா. ஆற்றை மூடுபனி மறைத்திருந்தது. கப்பல்களின் சங்கு கேட்டதே தவிர, கப்பல் ஒன்றும் கண்ணில் படவில்லை. கரூர் ஆற்றுமணலில் பழங்காசு தேடிப் பைத்தியம் பிடித்தவன் நான்; பிழைப்புக்கு ரங்கூன் வந்த பிறகும் அது தெளியவில்லை. டாலாவில் செங்கல் சூளைக்கு மண் வெட்டும்போது ரோமாபுரிக் காசு கிடைத்ததாக ஆறுமுகம் மேஸ்திரி எழுதியிருந்தார். விடுவேனா?

ஏழரை மணி. துறையிலிருந்து சூளை ஒன்றரை மைல். மேஸ்திரி துணிமுடிச்சை அவிழ்த்தார். மெல்லிய பொன். தலைக்கவசமும் ஈட்டியுமாகக் கீழை ரோமாபுரியின் கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி நேராக என்னையே பார்த்தார். அவர் தலைக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். எனக்குப் புல்லரித்தது. கழுத்தில் கோத்துப் போட நம் பக்கத்தில் இப்படித்தான் துளைப்பார்கள். என் பெட்டியிலிருக்கும் இரண்டு காசுகளிலும் இதே துளைகள். அப்படியானால் இது அங்கிருந்து நேரே இங்கு வந்ததில்லை. நம் கரையில் இறங்கி, கடைவீதியில் செலவாகாமல் எவளோ ஒருத்தியின் கழுத்தில் கிடந்து, பிறகுதான் கடல் தாண்டியிருக்கிறது. என்னைக் கேலி செய்த பண்டிதர்களெல்லாம் இனி மூக்கின் மேல் விரல் வைப்பார்கள்!

"எங்கே இருந்தது?"

"மண்டையோட்டு வாய்க்குள்ளேங்க. நம்ம முனியாண்டிதான் எடுத்தான். எடுத்த நாலாம் நாள் அவன் வாய் பூட்டிக்கிச்சு."

காசை என் பையில் போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கு அவன் குடிசைக்குப் போனோம். பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்து கிடந்தான் முனியாண்டி. காலில் மண்வெட்டிக் காயம். தனுர்வாதம் என்பார் டாக்டர். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். காசின் விலையாக இருபது ரூபாயை அவன் மனைவி மா ங்வேயிடம் நீட்டினேன். அவள் பர்மாக்காரி. பணத்தைத் தொடவில்லை.

"ரூபா வேணாம், சயா. அந்தக் காசு குடுங்க. செத்தவன் ஆறு தாண்டத் தோணிக்கூலி அது. இவர் எடுத்துட்டார். அவன் கரையிலயே நிக்கிறான்."

நம் ஊரில் பிணத்தின் நெற்றிக்காசை வெட்டியான் எடுத்துக்கொள்வான். மறுநாளே அது சந்தையில் புழங்கும். முனியாண்டியும் அந்தப் பழக்கத்தில்தான் காசில் கை வைத்திருக்கிறான். எனக்கோ அது உலகத்துக்குக் காட்ட வேண்டிய சாட்சி. "படம் எடுத்துவிட்டுத் தருகிறேன்" என்று மழுப்பினேன். பச்சைப் பொய். வெட்கமாகத்தான் இருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு அவன் அடங்கினான். அன்றே புதைக்கக் குழி வெட்டினார்கள். அந்த மண்டையோடு கிடந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. நல்ல வெயிலிலும் அங்கே மட்டும் மண் சில்லென்றிருந்தது.

மூன்று மணி. எட்டு நாளாக மூன்று பேர் சேர்ந்தும் திறக்க முடியாத வாய் தானாகத் தளர்ந்து திறந்திருந்தது. மா ங்வே ஒரு கால்ரூபாயை அதில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். மேஸ்திரி என் காதருகே, "சார், ஆதாரம் போயிடுமே" என்றார். முனியாண்டியின் திறந்த வாயைப் பார்த்தேன். பயம்தான், அதை மறைப்பானேன்? காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் குனிந்து அதையும் அவன் நாக்கின் மேல் வைத்தாள்.

"முதல் காசு உங்களுக்கு," என்றாள் கணவனிடம். "இது அவனுக்கு. பாத்துக் குடுத்துடுங்க. ரொம்ப நாளா நிக்கிறான்."