சூட் வேண்டும் என்றார்கள்: புனேயில் ஒரு கேட் கேட்கப் போன கதை

புனேக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், மலையேறுவார்கள். நான் 2006 ஜூலையில் போனது ஒரு கேட்டுக்காக. அதுவும் இன்னும் கட்டப்படாத கட்டடத்தின் கேட்.

என் தங்கை சுமதி அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை முரளிக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. ஹடப்சரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், லிஃப்ட் கிடையாது. சுமதிக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போய்விட்டது. காலில் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது மாடிப்படிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஏறுவாள் என்று முரளி ஒருமுறை போனில் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவர்களோடு எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, மகர்பட்டா தாண்டி ஓர் இடம் வாங்கி அடுக்குமாடி கட்டப்போவதாகவும், கீழ்த்தளத்து வீடு சுமதிக்கு என்றும் தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. அதற்குள் இந்த கேட் பிரச்சினை முளைத்துவிட்டது.

கோவையிலிருந்து குர்லா போகும் ரயிலில் காலையில் ஏறினால் மறுநாள் பிற்பகல் புனேயில் இறங்கலாம். ஸ்லீப்பர் போதும். ஜன்னலோர சீட்டு கிடைத்தால் இரண்டாம் நாள் தூங்காதீர்கள். சோலாப்பூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் நிலமும் வானமும் ஒரே நிறமாகி, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நான் விழித்திருக்கிறேனா, கனவா என்றே சந்தேகம் வந்தது. டீக்காரர் வந்து சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்.

புனே ஸ்டேஷனிலிருந்து ஹடப்சர் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோ மீட்டரில் ஓடுவது ஒரு தொகை, நாம் கொடுப்பது வேறு தொகை. பயப்பட வேண்டாம், ஏமாற்று இல்லை. ஓட்டுநரிடம் கட்டண அட்டை இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கொடுங்கள்.

மறுநாள் காலை சுமதி என்னை மனையைப் பார்க்க அழைத்துப்போனாள். தூறல். பனியா மழையா என்று தெரியாத ஒரு வெண்மை எங்கும் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து மகர்பட்டாவின் கட்டடக் கோபுரங்கள் பாதி மட்டும் தெரிந்தன. காலி மனையின் வலது கோடியில் சுண்ணாம்புப் பொடியால் கோடுகள் போட்டிருந்தார்கள். அந்தக் கோடுகள்தான் அவள் வீடு.

"இது ஹாலு. இங்க வாண்ணா, இதுதான் சமையல்கட்டு. மழை பேஞ்சா இந்த ஜன்னல்ல சாரல் அடிக்கும், பாத்து நில்லு" என்றாள்.

நானும் ஒதுங்கி நின்றேன். ஜன்னல் இல்லை, சுவர் இல்லை, நனைந்துகொண்டுதான் இருந்தோம். இருந்தாலும் அவள் சொன்ன இடத்தில் அடுப்பு எரிகிற மாதிரியே இருந்தது எனக்கு.

பிரச்சினை என்னவென்றால், பெரிய சாலையில் அடுத்தடுத்த இரண்டு வளாகங்களின் வண்டி வாசல்கள் பக்கம் பக்கமாக இருக்கக் கூடாதாம். நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி. வரைபடத்தில் எங்கள் கேட் இடது கோடியில். பக்கத்து வளாகத்தின் கேட் அதையொட்டியே ஏற்கெனவே இருக்கிறது. விதிப்படி போனால் எங்கள் கேட்டை வலது கோடிக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் வண்டிப் பாதை சுமதியின் ஹாலுக்குள்ளே போகும். கீழ்த்தளத்தில் மிச்சமெல்லாம் வண்டி நிறுத்தும் இடம், வேறு வீட்டுக்கு இடமில்லை. மற்ற குடும்பங்களுக்கு கேட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். அவளுக்கு மட்டும் மறுபடி மாடி, இங்கும் லிஃப்ட் கிடையாது.

முரளி விலக்கு கேட்டு மனு எழுதியிருந்தார். போக்குவரத்து, திருப்பம், சாலை அகலம் என்று அதில் எல்லாம் இருந்தது, சுமதியின் காலைத் தவிர. "என்ற காலைக் காட்டி ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாளாம். பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் அப்படித்தான். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட முறைப்பாள்.

அன்று மதியம் நானும் முரளியும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். குமாஸ்தா மனுவைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சூட் பாஹிஜே தர் உத்யா சாஹேபான்னா பேட்டா."

முரளியின் மராத்தி காய்கறிக் கடை மராத்தி. வெளியே வந்து எனக்கு மொழிபெயர்த்தார். "'பாஹிஜே'ன்னா வேணும். 'உத்யா' நாளைக்கு. சூட் போட்டுட்டு வந்து சாஹேபைப் பாக்கணுமாம், மச்சான்."

"கோட்டு சூட்டா? கேட் கேக்கறதுக்கா?"

"கன்டோன்மென்ட் ஊருங்க. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் இருக்குமாட்ட இருக்குது."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நேராக கேம்ப் பகுதிக்குப் போனோம். அந்தப் பழைய கடைவீதியில் மழைக்கால மதியம் நடப்பது ஒரு சுகம், கட்டாயம் போங்கள். தேவாலயச் சுவர்கள் நனைந்து கறுத்திருந்தன, பேக்கரி வாசனை தெருமுனை வரை கூடவே வந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்குக் கோட்டு கொடுக்கும் கடை ஒன்றில் மாப்பிள்ளைக்கு ஒன்று பிடித்தோம். பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது. முரளி முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் சுமதியும் விடுப்புப் போட்டுக் கூட வந்தாள். நனைந்த கோட்டில் முரளியைப் பார்த்த அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காய், லக்ன ஆஹே கா?" என்று கேட்டார். கல்யாணமா என்று அர்த்தம்.

"சார், உங்க ஆபீஸ்லதான் சூட் வேணும்னு சொன்னாங்க" என்றார் முரளி இந்தியில்.

"ஆமாம், சூட் வேணும்தான்!" என்று அதிகாரி மனுவைத் தட்டிக் காட்டினார்.

இருவரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இழுத்தார்கள். குமாஸ்தாதான் முதலில் புரிந்துகொண்டு மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். மராத்தியில் சூட் என்றால் விலக்கு, சலுகை. துணிக்கடையில் தீபாவளிக்கு எழுதிவைக்கும் தள்ளுபடிக்கும் அதே பெயர்தான். 'விலக்கு வேண்டுமானால் நாளை சாஹேபைப் பாருங்கள்' என்று அவர் சொன்னதில், 'வேண்டும்' என்பதை 'வேண்டுமானால்' ஆக்கும் அந்த 'தர்' மட்டும் மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது.

சிரித்து முடித்ததும் அதிகாரி மறுபடி அதிகாரியாகிவிட்டார். "இரண்டு கேட் பக்கத்தில் இருந்தால் வண்டிகள் மோதும். வலது பக்கம் மாற்றுவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? ஒரு வீடு குறையும், அவ்வளவுதானே?"

முரளி சுமதியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் நானே சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுமதி எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த ஒரு வீடு என்னுடையது, சார்" என்று இந்தியில் ஆரம்பித்தாள். "இன்றைக்கு மாடி ஏறிவிடுகிறேன். பத்து வருஷம் கழித்து முடியாது. இந்த சூட் எனக்கு வேண்டும்."

எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் கேட்ட முதல் சலுகை அது. என் கண் கலங்கிவிட்டது, கோட்டுக்குள் மாப்பிள்ளைக்கும்தான்.

"பஸா, தாயி" என்று அவளை உட்காரச் சொன்னார் அதிகாரி. அக்கா என்று கூப்பிட்டதோடு சரி, வேறு வாக்குறுதி எதுவும் தரவில்லை. சாயங்காலம் மனையைப் பார்க்க வந்தார். குடையோடு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கப் போனவரை, "சார், அது சுவர், வாசல் இந்தப் பக்கம்" என்று நிறுத்தினாள் சுமதி. அவர் கீழே பார்த்தார். சுற்றிப் போய், கோட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்தார்.

மறுநாள் நான் கிளம்பிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலையில் போனால் குடையை விட ரெயின்கோட் நல்லது. அலுவலக வேலை இருந்தால் மதிய உணவுக்கு முன்பே போய்விடுங்கள். இந்தியை வைத்து ஊரைச் சமாளிக்கலாம், ஆனால் மராத்தியில் ஒரு வார்த்தை தெரிந்த மாதிரி இருந்தால், இன்னொருமுறை கேட்டுவிடுங்கள். எங்களைப் போல வாடகைக் கோட்டோடு நிற்க வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து சுமதி போன் செய்தாள். விலக்கு கிடைத்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. வெளியே வரும் வண்டிகள் இடது பக்கம் மட்டுமே திரும்பலாம். வலது பக்கம் போக வேண்டுமானால் அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும்.

"இதென்ன அநியாயம், தெனமும் சுத்தறதா?" என்று கொதித்தேன்.

"சுத்தினா சுத்தறோம்ணா. வாசல்ல எறங்குனதும் வீடு" என்றாள்.