மருந்துக்குப் பாடு

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவுக்குக் கரையிலிருந்து படகில்தான் வர முடியும். வலைக்குப் போனவனுக்கு மீனில் ஒரு பங்கு, போக முடியாமல் படுத்துக் கிடப்பவன் வீட்டுக்கும் ஒரு பங்கு. இதுதான் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் அதுவே என் அக்காவைக் கொல்லப் பார்த்தது.

அக்காவுக்கு டி.பி. புருஷனைக் கடலில் இழந்தவள். எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் விட்டால் யாருமில்லை. இருமலில் ரத்தம் வந்த அன்றைக்கே அவளைப் படகேற்றிக் கரைசேர்த்து, பொன்னேரியில் ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வீட்டிலேயே வைத்துச் சாப்பிடச் சொல்லிப் பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளைக்கே கை கொள்ளாது.

முதலில் உடம்பு தேறியது. பிறகு இருமல் திரும்பி வந்தது. டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஒழுங்கா சாப்பிடறாங்களா? அரைகுறையா சாப்பிட்டா கிருமி சாகாதும்மா. மருந்துக்குப் பழகிடும். அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் கேட்காது."

அக்கா பக்கத்திலேயே நின்று, சாமி மேல் சத்தியமாகச் சாப்பிடுவதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. சத்தியம் செய்யும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் தண்ணீருக்குப் போவதுபோல் போய், பாதியில் திரும்பினேன். அக்கா மாத்திரைகளை முறத்தில் கொட்டிக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள், மீனைப் பங்கு வைப்பதுபோல. ஒரு கூறு தனக்கு. மற்றவை இருமுகிறவர்களுக்கு. பெரிய கூறு எதிர்வீட்டு மாமாவுக்கு.

"நான் படுத்ததுலேர்ந்து அவரு வலையிலேர்ந்து நமக்குப் பங்கு வந்துகினே கீது. இம்மாம் மாத்திரைய நான் மட்டும் முழுங்கினா நாயமா?"

"தனக்கு மிஞ்சித்தான் தானம். உனுக்கு இன்னா மிஞ்சிச்சி, உசுரா?" என்று கத்தினேன். முறத்தைப் பிடுங்கினேன். அவள் அழுதாள், ஆனால் இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அவளிடம் பேசிப் பயனில்லை என்று அன்று மாலை ஊர்க்கூட்டத்துக்கே போய்விட்டேன். பெண்கள் அங்கே வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன்.

ஏரியில் மீன் படும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யாருக்குப் பாடோ, அன்றைக்கு அந்த இடம் முழுக்க அவர்களுடையது. அடுத்தவன் வலை அங்கே விழக்கூடாது.

"மீனுக்குத்தான் பங்கு. மருந்துக்குப் பங்கு இல்ல, பாடு," என்றேன். "இப்ப எங்க அக்கா பாடு. இருமுறவங்க அல்லாரும் படகுல ஏறுங்க, அவங்கவங்களுக்குத் தனியா மருந்து வாங்கித் தரேன். அவங்க பாட்டுல நாங்க கை வெக்க மாட்டோம்."

"பொம்பள வந்து பாடு பேசறதா?" என்று ஒருவர் எழுந்தார்.

எதிர்வீட்டு மாமா அவரைக் கையமர்த்தினார். இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளை அவிழ்த்து என் கையில் கொட்டினார்.

"அந்தப் பொண்ணு என்னால சாவக்கூடாது. நாளைக்கு நானும் வரேன்."

அவரையும் அக்காவையும் சேர்த்தே கூட்டிப்போனேன். சளியை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு தெரியச் சில வாரங்கள் ஆயின. அக்காவின் கிருமிக்கு மருந்து இன்னும் கேட்டது. மாமாவின் கிருமிக்குக் கேட்கவில்லை. அன்பாகக் கொடுத்த அந்த அரைகுறைப் பங்கிலேயே அது பழகிவிட்டது என்றார் டாக்டர். அடுத்த மழைக்காலத்தை மாமா பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா பிழைத்தாள். மாமாவுக்காக அழுது ஓய்ந்த பிறகு, தீவில் யார் இருமினாலும் அவளே படகேற்றினாள். மருந்து வந்ததும் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு."

"இம்மாத்தையும் நானா? பக்கத்தூட்டுப் புள்ளைக்கு ரெண்டு குடுக்கறேனே," என்று யாராவது கெஞ்சுவார்கள்.

"முழுங்கு. இது உன் பாடு."

மாமா போன பிறகும் அவர் மகன் வலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் பங்கு வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். பதிலுக்கு ஒரு மாத்திரைகூட எங்கள் வாசலைத் தாண்டவில்லை.