கணுக்கால் கட்டு

டிரில் மாஸ்டர் என்றால் விசில் ஊதுகிறவன் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். ஊதினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் பையன்கள் வருவதற்கு முன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் நான்தான். பந்து கிழிந்தால் அதைத் தைத்துக் கொடுக்க ஆள் தேடி அலைந்ததும், வெயிலில் சுருண்டு விழுந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியதும், சிராய்ப்புக்கு டிங்சர் போட்டுவிட்டு அவன் போட்ட கூச்சலைக் கேட்டதும் நானேதான். மற்ற வாத்தியார்கள் உட்காரும் அறையில் எனக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நிற்கிற வேலைக்காரனுக்கு நாற்காலி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நல்லேப்பிள்ளியிலிருந்து வரப்பு வழியாக ஹைஸ்கூலுக்கு நடந்து போய், மாலையில் அதே வரப்பில் திரும்பி வருவேன். வீடு வந்து சேரும்போது சோறு வேண்டும் என்றுகூடத் தோன்றாது. அப்படி ஒரு அலுப்பு.

கட்டுப் போடக் கற்றது பட்டாளத்தில். ஜெர்மன் சண்டையின்போது பஸ்ரா பக்கம் காயம்பட்டவர்களைத் தூக்கும் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு கட்டைக் கட்டினால் கட்டினதுதான். டாக்டர் சொல்லாமல் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். யார் கட்டினான், அவன் என்ன சாதி என்று அங்கே எவனும் கேட்கவில்லை. வலிக்கிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வராது. அந்த வழக்கம் எனக்குள் ஊறிப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்படியே நடந்துகொண்டேன்.

ஐந்தாம் ஃபாரத்தில் ஒரு பையன் இருந்தான். ஆற்றங்கரை அக்கிரகாரத்து வீடு. அப்பாவுக்குச் சென்னையில் குமாஸ்தா வேலை, அம்மாவும் இவனும் மட்டும் இங்கே. அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும். காலடிச் சத்தமே கேட்காது. மூச்சு வாங்காமல் வந்து நின்று, “இன்னொரு தடவை ஓடட்டுமா சார்?” என்பான். அத்தனை வருஷ வேலையில் நான் களைப்பை மறந்து நின்று பார்த்தது அவன் ஒருவனைத்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஸ்போர்ட்ஸ் தினத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நீளத் தாண்டும் குழியின் விளிம்பில் கால் பட்டு மடங்கிவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் கணுக்கால் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் உள்ளே நரம்பு கிழிந்திருக்கிறது என்று தொட்டதுமே தெரிந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து, எட்டு எழுதுவது போலக் குதிகாலுக்கும் பாதத்துக்கும் மாறி மாறிச் சுற்றி இறுக்கினேன். மூன்று வாரம் இதை அவிழ்க்கக் கூடாது, காலை ஊன்றவும் கூடாது, இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் பழையபடி ஓடலாம், செய்யாவிட்டால் ஓட்டம் அவ்வளவுதான் என்று சொன்னேன். தலையாட்டினான்.

மறுநாள் காலை வந்தபோது துணி கோணல்மாணலாகச் சுற்றியிருந்தது. மூங்கில் பத்தை இரண்டும் பைக்குள் இருந்தன. ஏனென்று கேட்டேன், தரையைப் பார்த்தான். மறுபடி கட்டினேன். அடுத்த நாளும் அதே கோலம். அதற்கடுத்த நாளும்.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆத்து மணல்ல பந்தாடப் போனியாடா?”

“இல்லை சார்.”

“பின்னே தானா அவுந்துக்குதா?”

குனிந்து, தொங்கின துணியை இழுத்துச் செருகிக்கொண்டான். சாதாரணமாக வாயாடுகிற பையன் அவன். அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பீரியடு முழுவதும் கோல் போஸ்ட் பக்கத்தில் வெயிலில் நிற்க வைத்தேன். வீங்கின காலோடுதான். அவன் அழவில்லை. போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் வந்து, பையன் ஸ்போர்ட்ஸுக்குத் தேறுவானா என்று கேட்டார். சொன்ன பேச்சைக் கேட்டால்தானே தேறுவதற்கு என்று நான் சலித்துக்கொண்டேன்.

இப்படியே பத்து நாள் போயிற்று. தினமும் காலையில் நான் கட்டுவேன், மறுநாள் அது கலைந்து வரும். வீக்கம் வடியவில்லை. கணுவுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. எனக்கும் அலுத்துப் போனது. ஊரில் இத்தனை கால்கள் இருக்கும்போது கேட்காத காலைக் கட்டி எனக்கென்ன ஆகப் போகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அன்று மாலை வரப்பு வழியில் மடை திறந்து ஒரே சேறு. ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். படித்துறையில் அவன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருப்பான். காலை நீட்டி வைத்துக்கொண்டு என் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். பத்தைகளை ஒரு பக்கம் வைத்தான். துணியை நனைத்துப் பிழிந்து கரையோரப் புதரில் விரித்துப் போட்டான். பிறகு ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை ஊன்றி ஊன்றிப் படி இறங்கி, தலை முழுகி, அதே போல ஊன்றி ஏறினான். ஒவ்வொரு படியிலும் உதட்டைக் கடித்துக்கொண்டான். துணியை எடுத்துக்கொள்ளாமல், புதரிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு தெருவுக்குள் போனான்.

அந்தத் துணி வீட்டுக்குள் போகக் கூடாத துணி. நான் தொட்ட துணி. நான் தொட்ட கால் முழுகாமல் வாசற்படி ஏற முடியாது. தினமும் காலையில் அவன் அந்தப் புதரிலிருந்து அதை எடுத்து, தனக்குத் தெரிந்தபடி சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து திட்டு வாங்கியிருக்கிறான்.

மறுநாள் நான் அவனைத் தொடவில்லை. தள்ளி நின்று, “ஏண்டா எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தோணித்து சார்.”

பட்டாளத்தில் எத்தனையோ பார்த்தவன், ஒரு பையன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்று மாலையே கொல்லைச் சந்து வழியாக அவன் வீட்டுக்குப் போனேன். அந்த வழியாக வரத்தான் எனக்கு அனுமதி. கிணற்றுக்குத் தூரமாகப் பலாமரத்தடியில் நின்று விவரத்தைச் சொன்னேன். அவன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பழைய வேஷ்டி ஒன்றை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். மகனைக் கொல்லைத் திண்ணைக் குறட்டில் உட்கார வைத்தாள். நான் மரத்தடியில் உட்கார்ந்து என் காலிலேயே கட்ட ஆரம்பித்தேன். நான் ஒரு சுற்றுச் சுற்றினால், என்னைப் பார்த்து அவள் மகன் காலில் ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

“குதிகாலுக்கு அடியில போகோணுங்க.”

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம் இறுக்கோணுங்க. ஆனா விரல் நீலம் பாரிக்கக் கூடாது.”

மூன்று தடவை அவிழ்த்து மூன்று தடவை கட்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை அவள் கட்டின கட்டு என் கட்டைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டு அவிழவே இல்லை. வாளித் தண்ணீரில் உடம்பை மட்டும் கழுவிவிட்டாள். ஆற்றுக்கு அனுப்பவில்லை. மைதானத்தில் நானும் அவன் பக்கத்தில் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே மரத்தடியில் போய் நின்றேன். அவளே கட்டை அவிழ்த்தாள். வீக்கம் இல்லை. எழுந்து நடக்கச் சொன்னேன். நடந்தான். நாலாவது அடியில் பாதம் உள்பக்கமாகச் சாய்ந்தது. திரும்பி வரச் சொன்னேன், மறுபடியும் சாய்ந்தது. கிழிந்த நரம்பு முதல் பத்து நாளில் சேர வேண்டிய இடத்தில் சேராமல் போய்விட்டது. இனி நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஆனால் ஓட முடியாது. அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனாகவே புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

அவள் கதவருகில் அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“மொதல் நாளே வந்து இப்படிக் காட்டியிருந்தா நானே கட்டியிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?”

“எனக்குத் தெரியாதுங்கம்மா” என்றேன்.

பொய். அந்தத் தெருவில் எப்படி என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அந்தச் சந்து வழியாகத்தான் வந்து போயிருக்கிறேன். இரண்டாம் நாள் கோணல்மாணலாகச் சுற்றிய கட்டைப் பார்த்தபோதே என் மனசில் ஒரு மூலையில் பட்டுவிட்டது. துருவிக் கேட்டால் அவன் அதைச் சொல்லிவிடுவான். நான் தொட்டதால்தான் என்று ஒரு பையன் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. அதைவிட அவன் பந்தாடினான் என்று வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. என் ரோசத்துக்கு அவன் கால் போயிற்று.